நாக்குக் கட்டிய மணி

அண்ணை,

மணி கிடைத்துவிட்டது. சின்ன வண்டியில் அடுப்புக்குக் கீழே, கரண்டிகள் போடும் இழுப்பறையின் ஆகப் பின்னால் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பித்தளை மணி. ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதன் நாக்கில் பழைய சாரத்திலிருந்து கிழித்த துணியைச் சுற்றி, மேலே நூலால் மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது போல, அவ்வளவு நிதானமான வேலை.

எரிவாயு, ஈரத்துணி, மிளகாய்த்தூள் மூன்றும் கலந்த வாசம் வண்டிக்குள் அப்படியே இருக்கிறது. கதவைத் திறந்ததும் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. நீங்கள் இல்லாதபடியால் மற்ற எல்லோரோடும் பிடிக்கிறேன்.

முதலில் அந்தப் புத்தகம். உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு, வழக்கப்படி, வந்தவர்கள் கையில் கொடுக்க நினைவுப் புத்தகம் அச்சடித்தோம். அட்டையில் நீங்கள், உங்களிடம் இருந்த ஒரே கோட்டோடு. படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில்: ‘எப்போது கூப்பிட்டாலும் வருபவர்.’ மண்டபத்தில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் இதையே சொன்னார்கள். ஒரு மனிதனைப் பற்றி இதற்கு மேல் உயர்வாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஏழு பேரும் மனதார நம்பினார்கள். நல்ல நாயைப் பற்றியும் இதையேதான் சொல்லுவோம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த இடத்தில் நான் எழுதிக் கொடுத்த வரி வேறு. ‘இவருக்கு இரண்டு வண்டிகள் இருந்தன’ என்று எழுதியிருந்தேன். எங்கள் பலேர்மோத் தமிழ்ச் சங்கத் தலைவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உது என்ன வசனம்? கார் விக்கிற விளம்பரம் மாதிரிக் கிடக்கு.”

வெட்டிவிட்டு, கூப்பிட்டால் வருகிற வரியைத் தன் கையாலேயே எழுதினார். ஆகவே இரண்டு வண்டிகள் ஏன் இருந்தன என்பதை அச்சில் ஏற்ற முடியாமல், உங்களுக்கே எழுத வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஒரு பகுதியைத் தவிர.

பெரிய வண்டி உங்கள் பழைய சிஞ்ஞோரேயுடையது, நீங்கள் வீட்டோடு நின்று பார்த்த முதியவருடையது. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய், கால்களும் போன பிறகு, இனித் தரையில் சுற்றிப் பார்ப்போம் என்று ஏழரை மீட்டர் நீளத்தில் ஒரு காம்பர் வாங்கினார். படுக்கை, குளியலறை, அடுப்பு, மேசை, எல்லாம் உள்ளே. ஓட்டுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் உப்பில்லாமல் சமைப்பதற்கும் நீங்கள். பின்னால் அவருடைய கட்டில். கட்டிலின் தலைமாட்டில், ஏதோ ஒரு கப்பலிலிருந்து கழற்றி வந்த இந்த மணி. முன்னால், இருக்கையை மடக்கி விரித்த பலகையில் நீங்கள். காலை ஐந்து மணிக்கு முதல் அடி. அது சிறுநீர்ப் போத்தலுக்கு. பிறகு கோப்பிக்கு. பிறகு சன்னலைத் திறக்க. பிறகு சன்னலைச் சாத்த.

“மனிசன் நல்லவர், ஐசே. மணிதான் கெட்டது” என்று என்னிடம் சொல்லுவீர்கள்.

அவரோடு இந்தச் சிசிலித் தீவு முழுவதையும் சுற்றியவர் நீங்கள். பலேர்மோவில் எங்கள் ஆட்களில் அப்படி ஒருவரும் இல்லை. ஆனால் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் உங்களிடம் இரண்டே விவரங்கள்தான் இருந்தன.

“அங்கை தண்ணி பிடிக்கிற இடம் நல்லது.”

“அங்கை கக்கூஸ் ஊத்துற இடம் தூரம்.”

அவர் கடலைப் பார்த்த நேரமெல்லாம் நீங்கள் வண்டிச் சில்லு உருளாமல் கட்டை வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அவர் இறந்ததும் பிள்ளைகள் அந்த வண்டியைக் கண்ணால் பார்க்க விரும்பாமல், மலிவாக உங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். வண்டியோடு மணியும் வந்தது. நீங்கள், பொலிதேயாமா அரங்கத்துக்குப் பின்னால் நான் வாயில்காப்பாளனாக இருக்கும் கட்டடத்தின் நாலாம் மாடிக்கு, புதிய சிஞ்ஞோராவைப் பராமரிக்க வந்தீர்கள். அவரிடம் மணி இல்லை. தொலைபேசி இருந்தது. நாலாம் மாடியிலிருந்து எனக்கு அடிப்பார், நீங்கள் எங்கே என்று. நான் உங்களுக்கு அடிப்பேன். ஒன்பது வருடம் அந்த வேலையைச் செவ்வனே செய்தேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

பெரிய வண்டி கைக்கு வந்த முதல் கோடையில், ஒரு பிறந்தநாள் வீட்டில், மலைப் பக்கம் ஒருக்காப் போகப் போறன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்கள்.

“தனியவோ?” என்றார் தலைவர்.

“ஓம்.”

“அவ்வளவு பெரிய வண்டியிலை தனியவோ? பாவம் அண்ணை நீங்கள். நாங்களும் வாறம்.”

இதில் ஒரு துளி கபடமும் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை கொதிக்க வைக்கிறது. இரக்கத்தினால் வந்தார்கள். தனியாகப் போகிற மனிதனைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு மனம் பொறுக்காது. இருக்கைப் பட்டி ஆறு பேருக்கு, வந்தவர்கள் பதினொரு பேர். சோறு காய்ச்ச இரண்டு கிடாரம், பிளாஸ்டிக் கதிரை அடுக்கு, ஒலிபெருக்கிப் பெட்டி. பகேரியா தாண்டி முதல் கடற்கரையிலேயே எல்லோருக்கும் பசித்துவிட்டது. மலை அங்கிருந்தே தெரிந்தது. மூன்று கோடை, அதே கடற்கரை, அதே மலை. நீங்கள் சில்லுக்குக் கட்டை வைத்தீர்கள்.

நாலாவது கோடையில் பிடிவாதமாக மேலே ஏற்றினீர்கள். அந்த மலையூரின் ஒற்றைத் தெருவை நான் மறக்கமாட்டேன். கழுதைக்கு அளவெடுத்துக் கட்டிய தெரு. இரண்டாவது திருப்பத்தில் வண்டியின் தலை ஒரு மாடத்துக்குக் கீழே போய் இறுகிக்கொண்டது.

“பின்னுக்கு எடுங்கோ!” தலைவர் இறங்கி நின்று கத்தினார்.

“முன்னுக்கு, முன்னுக்கு!” என்றா மன்னார் ஜெசிந்தா அக்கா, சன்னலுக்கு வெளியே அரை உடம்போடு.

மாடத்தில் ஒரு கிழவி, வீட்டுச் சட்டையோடு, துளசிச் சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிசிலி மொழியில் முழங்கினாள்.

“அவ என்ன சொல்லுறா?” என்று தலைவர் உங்களைக் கேட்டார்.

“நீங்கள் சொல்லுறதைத்தான்.”

ஒன்றரை மணி நேரம். ஊர் முழுவதும் வந்து கை காட்டியது. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு திசையை. வெளியே எடுத்த பிறகு சதுக்கத்தில் வைத்துச் சோறு பகிர்ந்தோம், ஊர்க்காரருக்கும் கொடுத்தோம். அந்த வருட ஆண்டறிக்கையில் தலைவர் இதைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பதிவு செய்திருக்கிறார். கிழவியின் மாடத்தில் உதிர்ந்த சுண்ணாம்பைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

இறங்கி வரும்போது, பின்னால் எல்லோரும் பாடிக்கொண்டிருந்த நேரம், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்:

“ஐசே, ரெண்டு வண்டி வேணும்.”

“இதை வித்துப்போட்டுச் சின்னனாய் ஒண்டு வாங்குங்கோவன் அண்ணை.”

“இதை வித்தால் எல்லாரும் சின்னதுக்கை ஏறுவினம். இது கிடக்கட்டும். பெரிசு ஆக்களுக்கு. சின்னது இடத்துக்கு.”

வாழ்நாளில் எத்தனையோ தத்துவங்களை வாசித்திருக்கிறேன். சமூகத்தை இவ்வளவு சரியாகப் பிரித்தவர் ஒருவரும் இல்லை.

காசு சேர்த்து, நாலு வருடம் கழித்துத்தான் சின்ன வண்டி பகேரியாவில் கிடைத்தது. காளான் பொறுக்கக் காடு காடாகப் போய்வந்த ஒரு பழைய தபால்காரரிடம். நாலு சில்லும் இழுக்கிற பிக்கப். அதன் முதுகில், நத்தைக்கு ஓடு போல, ஒரு அறை. அறைக்குள் அடுப்பும் கைகழுவும் தொட்டியும், ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவு வாங்குப் பலகையும். படுக்கை ஓட்டுநரின் தலைக்கு மேலே, நிமிர்ந்து உட்கார முடியாத உயரத்தில். வேண்டுமானால் நாலு கால்களை ஊன்றி அறையைக் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் ஓட்டலாம். தபால்காரர் எஞ்சினைத் திறந்து காட்டினார். நீங்கள் பார்க்கவில்லை. முன் கதவைத் திறந்து இருக்கைகளைப் பார்த்தீர்கள். ஒன்று, இரண்டு.

“காணும், இது போதும்” என்றீர்கள்.

ஊருக்குச் சொன்ன காரணம் ஒடுங்கிய ரோட்டு. ஊர் அதை நம்பவில்லை. தலைவர் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார்.

“பின்னாலை அறைக்கை நாலு பேர் இருக்கலாம் போலை.”

“ஓடேக்கை அதுக்கை ஆள் இருக்க ஏலாது. சட்டம் விடாது.”

“பாத்தியளே, அண்ணை இப்ப சட்டம் கதைக்கிறார்!” பதினொரு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த கிழமையே இரண்டு பெண்கள் உங்கள் மனைவியிடம் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்களாம், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ என்று. அக்காவின் பதிலை நான் பல இடங்களில் சொல்லிக் காட்டியிருக்கிறேன்: “ஓம், பெரிய பிரச்சினை. மனிசன் நித்திரை கொள்ளப் போறாராம்.”

கூட வர நீங்கள் என்னைக் கேட்டபோது, அக்கா ஏன் வரவில்லை என்று அவவிடமே கேட்டேன். “நான் வந்தால் ஏதாவது கேப்பன், தம்பி. அந்த மனிசன் எழும்பும். நீங்கள் போங்கோ. நீங்கள் ஒண்டும் கேக்காத ஆள்” என்றா. இந்த நற்சான்றிதழை அப்போது பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.

ஒக்டோபரில் போனோம். சிஞ்ஞோராவின் மகள் வந்து நின்றதால் உங்களுக்கு இரண்டு நாள். மதோனியே மலையில், தார் முடிந்து, மாட்டுத் தடம் தொடங்கி, அதுவும் முடிகிற இடத்தில் ஒரு புல்வெளி. பெரிய வண்டியாக இருந்தால் கடைசி ஊரிலேயே நின்றிருக்கும். நீங்கள் இறங்கி, பழக்கத்தில் கட்டையைத் தேடினீர்கள். பிறகு, தேவையில்லை என்று கண்டு, வெறுங்கையோடு நின்றீர்கள். உங்களை வெறுங்கையோடு நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

புல்லில் மாடுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மணி.

“உந்தச் சத்தம் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?” என்று கேட்டேன்.

“உது ஆரையும் கூப்பிடுறேல்லை, ஐசே.”

அன்று மாலை, தகரப் பேணியில் வந்த மீனுக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டுக்கொண்டே, என்ன வேண்டி வந்தீர்கள் என்று சொன்னீர்கள். மலையும் பூவும் பார்க்க வரவில்லை.

“நாளைக்கு நான் தானா எழும்பவேணும். இருபத்தாறு வருசமா ஆரோ எழுப்பித்தான் எழும்பிறன். என்ரை நித்திரை எத்தினை மணிக்கு முடியுமெண்டு எனக்கே தெரியாது. ஒருக்காப் பாக்கவேணும்.”

“அப்ப தனிய வந்திருக்கலாமே அண்ணை. என்னை ஏன் இழுத்துக்கொண்டு வந்தியள்?”

“தனிய வந்தால் பயமாக் கிடக்கும். ரெண்டு பேரெண்டால் தனிய இருக்கலாம்.”

இனி வருவதுதான் நாங்கள் இருவரும் பிறகு ஒருபோதும் பேசாத பகுதி.

கட்டடத்தின் பெரிய கதவைத் திறந்து குப்பைத் தொட்டிகளை வெளியே இழுத்து விடுகிறவன் நான். ஐந்து மணிக்கு எனக்குக் கண் திறந்துவிடும், மலையிலும் திறந்தது. கீழே வாங்கில் படுத்திருந்தவன் எழுந்து அடுப்பை மூட்டினேன். இஞ்சி தட்டிப் போட்டு, பால்மா கரைத்து, இரண்டு கோப்பை தேநீர். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் நித்திரையாக இருக்கும்போது தேநீர் ஊற்றினால், அவரைத் தொட்டு எழுப்பிக் கையில் கொடுத்து, குடித்துவிட்டுப் படுக்கச் சொல்ல வேண்டும். ஆறவிடுவது மரியாதை இல்லை. அன்பை நாங்கள் சூடாகத்தான் பரிமாறுவோம், வேண்டுமா என்று கேட்பதில்லை. அந்த அன்பு எனக்குள்ளும் பொங்கிவிட்டது. மேலே எட்டி, உங்கள் காலைத் தட்டினேன்.

“அண்ணை, தேத்தண்ணி. குடிச்சிட்டுப் படுங்கோ.”

“அர்ரீவோ, சிஞ்ஞோரே!”

வந்துவிட்டேன், ஐயா. அதைச் சொல்லிக்கொண்டே எழும்பினீர்கள். தலை கூரையில் அடித்தது. இரண்டு கால்களும் கட்டிலுக்கு வெளியே வந்து, அந்தரத்தில், இல்லாத செருப்பைத் தேடின. கண் இன்னும் திறக்கவில்லை. கை ஒரு போத்தலைப் பிடிக்கும் வாக்கில் நீண்டிருந்தது. அந்தக் கையில்தான் நான் கோப்பையை வைத்தேன்.

பிறகு கண் திறந்தது. என்னைப் பார்த்தீர்கள், சன்னலைப் பார்த்தீர்கள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை.

“அண்ணை… நான்…”

“தேத்தண்ணி நல்லாக் கிடக்கு” என்றீர்கள். “சீனிதான் ஒரு கரண்டி கூட.” முழுவதையும் குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பித் தந்து, நெற்றியைத் தடவிக்கொண்டீர்கள். “பறவாயில்லை, ஐசே. அடுத்த முறை.”

என்னைத் திட்டியிருக்கலாம். அந்த மலையில் கேட்க ஒருவரும் இல்லை. வாழ்நாளில் ஒரு முறையாவது, ஒரு ஆளைப் பார்த்தாவது, சத்தம் போட்டுத் திட்டியிருக்கலாம். நான் அதற்கு எவ்வளவு தகுதியானவன்! உங்கள் நல்ல குணத்தின்மேல் எனக்கு உள்ள ஆத்திரத்தில் பாதி, அது என்னையும் மன்னித்தது என்பதனால்தான். தலைவரைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, ஆனால் அவர் உங்களைக் கடற்கரையில்தான் மறித்தார். நான் மலை ஏறி, தடம் முடிகிற இடம் வரை கூட வந்து, கெடுத்தவன்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. நவம்பரில் ஒரு வீடு மாறல், டிசம்பரில் பாலன் பிறப்பு விழா, தைப்பொங்கலுக்குக் கிடாரங்கள். பெரிய வண்டி கேட்டார்கள், வண்டியோடு நீங்களும் போனீர்கள். பிறகு இருமல். பிறகு நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைத்தியர் அக்காவை மட்டும் தனியாக அழைத்தார்.

ஆசுப்பத்திரியில் உங்களுக்குத் துணையிருந்த நாட்களில் எனக்கு ஒரு செய்தி தெரியவந்தது. அங்கேயும் ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள். காய்ச்சல் பார்க்க. காய்ச்சல் உங்களுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. மருந்தெல்லாம் தோற்று, விடியப்புறமாகத்தான் கண் மூடியிருப்பீர்கள், விளக்கைப் போட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாள் தாதியிடம் சண்டைக்குப் போனேன். சாகிற மனிதனின் காய்ச்சலை அளந்து எந்தப் புத்தகத்தில் எழுதப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் செலவழித்துக் கேட்டேன். ஒழுங்குமுறை என்றாள். நீங்கள் அவளுக்காகக் கக்கத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தீர்கள்.

“விடும், ஐசே. அவவும் வேலைக்கு வந்தவ.”

அத்தோடு என் புரட்சி முடிந்தது.

போன புதன்கிழமை தலைவர் என் கண்ணாடிக் கூண்டுக்கு வந்தார். பெரிய வண்டி ஏற்கெனவே சங்க வண்டி ஆகிவிட்டது, பக்கவாட்டில் பெயர்கூட எழுதிவிட்டார்கள். நீங்கள் சொன்ன மாதிரி, அது ஆக்களுக்கு. ஆனால் அவர் அதைப் பற்றிக் கதைக்க வரவில்லை.

“அந்தச் சின்னது பகேரியாவிலை சும்மாதானே நிக்குது. பெட்டியைக் கழட்டிப்போட்டால் பிக்கப்பிலை தேருக்குச் சாமான் ஏத்தலாம். பெட்டியை வாசிகசாலை ஆக்கலாம். அண்ணையின்ரை பேரும் நிலைக்கும். அண்ணை இருந்தால் ஓமெண்டுதான் சொல்லியிருப்பார்.”

“ஓம். அதுதான் பிரச்சினை.”

“என்ன பிரச்சினை?”

“அவர் ஓமெண்டு சொல்லியிருப்பார். நான் சொல்லமாட்டன்.”

“உங்களுக்கு என்ன கோபம்? சும்மா நிக்கிற வண்டி.”

“அது சும்மா நிக்கத்தான் வாங்கினது.”

அவர் விடவில்லை. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உங்கள் மலையைப் போய்ப் பார்ப்போம், நீங்கள் நின்ற இடத்தில் ஒரு விளக்குக் கொளுத்துவோம், சின்ன வண்டியில் தானும் என்னோடு வருவதாகச் சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார். நல்ல மனிதர். நீங்கள் படுத்த கடைசி மாதம் அக்காவுக்குச் சோறு கொண்டு போய்க் கொடுத்தது அவருடைய வீடுதான். அதையும் இங்கே எழுதாவிட்டால் நான் அயோக்கியன்.

“முன்னுக்கு ரெண்டு இருக்கை,” என்றேன். “ஒண்டு என்ரை. மற்றதிலை ஆள் இருக்கு.”

அவர் எனக்கு மூளையில் ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்ற முகத்தோடு போனார். அன்று பின்னேரமே அக்கா என் கூண்டுக்கு வந்து, சின்ன வண்டியின் திறப்பை மேசையில் வைத்தா. திரும்பிப் போகையில் வாசலில் நின்று சொன்னா:

“அதை அவைக்குக் குடுத்துப்போடாதேங்கோ. அது ஒண்டுதான் அவர் தனக்கெண்டு கேட்டது.”

சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வந்தேன். தடம் முடிகிற அதே புல்வெளி. இதை எழுதுவது உங்கள் மடக்கு மேசையில். மணி பக்கத்தில் இருக்கிறது. நாக்கை எப்போது கட்டினீர்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் வருவதற்கு முன்பா, அல்லது அந்தக் காலைக்குப் பிறகா? பிறகு என்றால், அது என் வாயைத்தான் கட்டியிருக்கிறது. அவிழ்க்கமாட்டேன்.

நாலாம் மாடிக்கு இப்போது மன்னாரிலிருந்து வந்த ஒரு பிள்ளை வேலைக்கு வருகிறாள். சிஞ்ஞோரா பழையபடி எனக்கு அடித்து, அவள் எங்கே என்று கேட்கிறார். வருவாள் என்று சொல்லி வைத்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா இருக்கிறேன். பிறகுதான் அவளுக்கு அடிக்கிறேன். சிஞ்ஞோராவுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது வருடம் இதை உங்களுக்குச் செய்திருக்கலாம்.

இன்று காலையும் ஐந்து மணிக்கு எழும்பிவிட்டேன். கை தன் பாட்டில் இரண்டு கோப்பை ஊற்றியது. உங்களுடையதை மேல் கட்டிலின் விளிம்பில் வைத்தேன். சீனி ஒரு கரண்டி குறைவு. வாய் திறந்தது, ‘அண்’ வரை வந்தது. மூடிக்கொண்டேன்.

வெளியே மாடுகள் ஒருவரையும் கூப்பிடாமல் மேய்ந்துகொண்டிருக்கின்றன. வெயில் கட்டிலுக்கு ஏறிவிட்டது. மணி ஒன்பதாகப் போகிறது. உங்கள் கோப்பையில் ஆடை படிந்துவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போச்சு, அண்ணை.

ஆறட்டும்.